ஒலிபெருக்கிச் சூசையப்பர்

போராடுவதற்கென்றே பிறந்த பக்தர் என்று ஓர் இனம் உண்டு. சிகாகோவில் மெக்சிகோக்காரர்களான எங்களுடைய பங்குக் கோவிலில் அவருக்கு டான் எரிபெர்த்தோ என்று பெயர்; டான் என்றால் எங்கள் ஸ்பானிய மொழியில் ஐயா. ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் ஒலிபெருக்கி. குவாதலூப்பே மாதா படம் போட்ட சட்டை, அதன்மேல் குளிர்கோட்டு. எவ்வளவு பனி கொட்டினாலும் கேமரா தென்பட்டதும் கோட்டின் பொத்தான்கள் தாமாகத் திறந்துகொள்ளும். அவருடைய ஜெபம் "ஆண்டவரே" என்று தொடங்கி, குடியேற்றச் சட்டத்தின் உட்பிரிவுகள் வழியாக நிதானமாக நடந்து, போன தேர்தலில் வாக்குக் கொடுத்து ஏமாற்றியவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் மேலிடத்துக்கு நினைவூட்டி, ஆமென் வந்து சேர்வதற்குள் ஆவி பறக்க வந்த தமாலே, எங்கள் சோளமாவுக் கொழுக்கட்டை, கல்லாகிவிடும். கடவுளுக்கு இவ்வளவு தகவல் எதற்கு? அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

"உனக்கு விசுவாசம் குறையுது தம்பி. போய் நோன்பு இரு."

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இறைச்சித் தொழிற்சாலையில் எங்கள் பெண்களுக்குக் கூலி உயர்ந்தது, இவரைப் போன்றவர்கள் அதன் வாசலில் முழந்தாளிட்டதால்தான். பக்தியும் அரசியலும் சேர்வதில் எனக்கு வருத்தமில்லை. பக்தி தன் குரலைத் தானே ரசிக்கத் தொடங்கும்போதுதான் நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பேன்.

டிசம்பரில் நாங்கள் போசாதா பாடுவோம். இயேசு பிறந்த இரவில் சூசையப்பரும் நிறைமாத மாதாவும் சத்திரத்தில் இடம் கேட்டு அலைந்தது போல, வெளியே நிற்பவர்கள் இடம் கேட்டுப் பாட, உள்ளே இருப்பவர்கள் முடியாது போ என்று பாட, சரணத்துக்குச் சரணம் கெஞ்சலும் விரட்டலுமாக நீண்டு, கடைசிச் சரணத்தில்தான் கதவு திறக்கும். சென்ற டிசம்பரில் டான் இதை எங்கள் பேரவை உறுப்பினரின் அலுவலக வாசலுக்குக் கொண்டுபோனார். காரணம், கூரை வேலை செய்யும் ஃபெர்மின். குடியேற்ற அதிகாரிகள் அவனைப் பிடித்து அடைத்துவைத்திருந்தார்கள். மறுநாள் காலை மெக்சிகோ விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். உறுப்பினர் அன்று மாலைக்குள் அதிகாரிகளுக்கு ஒரு போன் போட்டால் விமானம் அவனை விட்டுவிட்டுப் போகும். அவன் மனைவி ஒப்துலியாவுக்கு நீலச் சால்வை போர்த்தி மாதாவாக நிறுத்தியிருந்தார் டான். சூசையப்பர் யார் என்று சொல்ல வேண்டுமா?

ஒரே சிக்கல், விரட்டுவதற்கு உள்ளே ஆள் இல்லை. அலுவலகத்தார் பாடமாட்டார்கள் அல்லவா? ஆகவே எங்கள் பாடகர் குழுவில் பாதிப் பேரைச் சத்திரக்காரர்களாக்கி, கதவுக்கு முதுகு காட்டி, வாசலை அடைத்து நிறுத்தினார். அவர்களுக்குத் தலைவர் பேக்கரிக்காரர் சாபாஸ். முடியாது என்று பாட அவரைப் போல் ஆள் கிடையாது. கடையில் கடன் கேட்பவர்களிடம் தினமும் பயிற்சி.

இரண்டாம் சரணம் போய்க்கொண்டிருந்தது. சாபாஸின் முதுகில் ஏதோ இடித்தது.

"யாருய்யா அது? நான் இங்க உள்ள விடமாட்டேன்னு பாடிட்டிருக்கேன், பின்னாடி நின்னு தள்றீங்க!"

தள்ளியது கதவு. இடுக்கில் தலையை நீட்டினாள் மாரிசெல், உறுப்பினரின் உதவியாளர், எங்கள் தெருப் பெண்.

"எல்லாரும் உள்ள வாங்க. ஐயா கூப்பிடறாரு."

டான் ஒலிபெருக்கியை இறக்கவில்லை. ஆகவே பதில் தெரு முழுக்கக் கேட்டது.

"பொறும்மா! இன்னும் சரணம் இருக்கு. நீங்க இப்ப மறுக்கணும்."

"நாங்க மறுக்கலையே, டான்."

"மறுக்காம எப்படிம்மா? டிவிக்காரங்க இன்னும் வண்டியவே நிறுத்தல."

"ஐயா ஊருக்குக் கிளம்பறாரு. இப்ப விட்டா திங்கட்கிழமைதான்."

"அப்ப கதவை மூடிட்டு, ரெண்டு சரணம் கழிச்சுத் திற."

ஒப்துலியா முன்னே நகர்ந்தாள். டான் கையை நீட்டி மறித்தார்.

"சகோதரி, இப்ப நீங்க உள்ள போனா எல்லாமே முடிஞ்சிடும்."

"முடியட்டும் டான். முடியறதுக்குத்தானே வந்தேன்."

சாபாஸைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்களும் நானுமாக இருந்தால் பாட்டை நிறுத்தியிருப்போம். டான் நிறுத்தவில்லை. மாதா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வெளியே சூசையப்பர் அவளுக்கு இடம் கேட்டு உருகிக்கொண்டிருந்தார். சாபாஸும் விடாமல் மறுத்துக்கொண்டிருந்தார். கேலியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஓர் எண்ணம் உறுத்தியது. எத்தனையோ கவுண்டர்களில், எத்தனையோ மொழிகளில் முடியாது என்று கேட்டு வளர்ந்த கூட்டம் நாங்கள். மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். சரி என்று யாராவது சொல்லிவிட்டால் கையையும் காலையும் எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

ஒப்துலியா திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"போன் போட்டுட்டாரு. என் முன்னாடியே பேசினாரு. வழக்கு முடியற வரைக்கும் ஏத்த மாட்டாங்களாம்."

டான் சிலுவை போட்டுக்கொண்டார். மனதார நன்றி சொன்னார், அதில் பொய்யில்லை. பிறகு தெருமுனையைப் பார்த்தார். டிவி வண்டி அப்போதுதான் வந்து நின்றது.

"சகோதரி, இன்னும் ஒரே ஒரு தடவை இங்க வெளிய நின்னுட்டு, கடைசிச் சரணம் வரும்போது உள்ள போங்களேன். கதவு திறந்ததை அவங்க எடுக்கவே இல்ல."

அவள் நீலச் சால்வையைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினாள்.

"நீங்களே மாதாவா வாங்க டான். எனக்கு என் புருஷன்கிட்ட பேசணும்."

சிரித்தது போதும். உங்களுக்கும் ஒரு கதவு இருக்கும். வருடக்கணக்காகத் தட்டிக்கொண்டிருப்பீர்கள், அந்த அநியாயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உங்கள் குரலே கணீரென்று ஆகிவிடும். அடுத்த முறை போகும்போது அதை ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். தள்ள மனமே வரவில்லையா? டிசம்பருக்கு எங்கள் பங்குக்கு வாருங்கள். சூசையப்பர் வேடம் காலியில்லை. சத்திரக்காரர்கள் எத்தனை பேர் வந்தாலும் டான் சேர்த்துக்கொள்வார்.