மழையை வா வா என்று கூப்பிடும் மைத்துனனுக்கு

அன்பும் நிரந்தர உத்தியோகமும் உள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் சலவைக்கடையிலிருந்து எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காவும் நலம். உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. நலமாக இருக்கிற ஒருவன், "அத்தான், என் கவிதைப் புத்தகத்தைப் படிச்சுட்டு உண்மையைச் சொல்லுங்க. நல்லா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேலையை விட்டுட்டு முழுநேரமும் எழுத உட்கார்ந்துடுவேன்" என்று கடிதம் போடுவானா? படித்தவர்கள் ஆயிரம் பேர் இருக்க, சோப்புத்தூள் பாக்கெட்டைத் தவிர வேறெதையும் படிக்காத என் தலையிலா உன் பிழைப்பைக் கொண்டுவந்து கட்டுவாய்?

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன் இயற்கைக் கவிதைகள் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பக்கத்திலேயே மழையை வா வா என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிறாய். கூப்பிடுவாய், உனக்கென்ன, கொடியில் துணியா காய்கிறது? நான் லாட்ஜுக்காரரின் படுக்கை விரிப்புகளையெல்லாம் மொட்டை மாடியில் உலர்த்திவிட்டு, சும்மா புரட்டிப் பார்ப்போமே என்று தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன், நீ கூப்பிட்ட கிராதக மழை நிஜமாகவே வந்து தொலைத்தது, நான் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தலைதெறிக்கக் கீழே ஓடிவந்துவிட்டேன். விரிப்பெல்லாம் எங்கே என்று உன் அக்கா கேட்ட பிறகுதான் எனக்கு விரிப்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. மறுபடி துவைத்தோம். அது காய்வதற்குள் ஒரு பறவை, டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் தன் வேலையைக் காட்டிவிட்டுப் போனது. கோட்டை வாங்க வந்த அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவன், பறவை எச்சத்துக்குள் விதையைப் பார்க்கும் பாழாய்ப்போன உன் கவிதை நினைவுக்கு வந்து, "இதுக்குள்ள ஒரு மரம் இருக்கு, டாக்டரம்மா" என்று உளறிவிட்டேன். அவர் என்னை உட்காரவைத்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, கோட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அதோடு போச்சா? நேற்று இஸ்திரி மேசையில் எறும்பு வரிசை. வழக்கமாக ஊதித் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கிற மனுஷன்தானே நான்? நேற்று பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, கடைசி எறும்பு போகட்டும் என்று நிற்கிறேன், எதிரே கல்யாண மாப்பிள்ளை கோட்டு எங்கே கோட்டு எங்கே என்று குதிக்கிறான். தொழில் செய்கிறவன் வீட்டில் வைத்திருக்கிற புத்தகமா இது?

ஆகவே புத்தகம் சுத்த மோசம். ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு நாளைக்குக் காலையில் தலையைப் படிய வாரிக்கொண்டு ஆபீசுக்குப் போய்ச் சேர்.

நீயும் உன் மாதச் சம்பளமும் பிரியாமல் பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
அத்தான்.

பின்குறிப்பு: உன் அக்கா இதைப் படித்துவிட்டு, "ஒரு பொய்யைக்கூட உங்களுக்கு ஒழுங்கா எழுத வரலையே" என்றாள். ஆமாம், பொய்தான். எனக்குப் பிடித்திருக்கிறது. திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன், இனி மழை வந்தால் யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. இதைச் சொன்னால் நீ வேலையை விட்டுவிடுவாயே என்ற பயத்தில்தான் மேலே அத்தனையும் எழுதினேன். ஆனாலும் விடாதே. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. உன் புத்தகத்தில் காடும் இல்லை, மலையும் இல்லை. ஒரே ஒரு மரம், அதில் ஓர் அணில், ஓர் எறும்பு வரிசை, வந்துபோகிற சில பறவைகள், மேலே துண்டு வானம். போன வருஷம் உன் ஆபீசுக்கு வந்தபோது உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேனே, அந்த ஜன்னல்தானே அது? நாளெல்லாம் எழுந்து போக வழியில்லாமல் உட்கார்ந்ததால்தான் உனக்கு அந்த மரம் கிடைத்தது. நீ போய்விட்டால் அங்கே வருகிறவன், தூசி வருகிறதென்று ஜன்னலைச் சாத்திவிடுவான். அதனால் சொல்கிறேன், வேலையை விடாதே. பதவி உயர்வு கொடுத்து வேறு அறைக்கு மாற்றினாலும் போகாதே.