அரிசித் தராசில் ஏறிய சந்திரமதி

கஜா பேராங், மலாக்கா
14-10-1957

மகாகனம் பொருந்திய மைத்துனர் பொன்னுதுரை அவர்கள் சமூகத்துக்கு மருதமுத்து எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். ஈப்போவில் தாங்களும் என் தங்கை சிவகாமசுந்தரியும் அவ்வண்ணமே இருக்க வேண்டியது.

நிற்க. என் மகள் சந்திரமதியின் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். ஏப்ரலில் புக்கிட் ரம்பாயிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஆறு வடை தின்று முடித்தபின் பையனின் தாயார், பெண் லட்சணம்தான், கொஞ்சம் இளைத்தால் தேவலை என்றார். பெற்றவன் சும்மா இருக்கலாமா? மறுநாளே நான் வேலை பார்க்கும் அரிசிக் கிடங்குக்கு அவளை அழைத்துப்போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி எடை பார்த்தேன். வாரம் ஒருமுறை பார்த்து, அடுப்படிச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்தேன். அவள் இரண்டாவது தோசைக்குக் கை நீட்டினால் சுவரைக் காட்டுவேன். அதட்டியதில்லை, அடித்ததில்லை. காட்டுவதோடு சரி.

பிள்ளை சொன்னபடி கேட்டாள். அதுதான் வினையாப் போச்சு. முதலில் இரவுச் சோறு நின்றது, பிறகு பகல் சோறும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பெற்றவள் பொன்னம்மா அழுதாள். நானோ எடை இறங்குகிற பூரிப்பில் பையன் வீட்டுக்குத் தகவல் சொல்லியனுப்பினேன். மெர்டேக்கா சுதந்திர விழா அன்னைக்குத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிப்போன நம்ம வாத்தியாரம்மா சந்திரமதி, கொடி ஏறும்போது மயங்கி விழுந்துட்டா. ஓடிப்போய்த் தூக்கினேன். மச்சான், கையில கனமே இல்ல. அஞ்சு மாசமா நான் ஆசைப்பட்டது அதுதானே?

பக்கத்து வீட்டு ஷரீஃபா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் மிஸ்ஸியாக இருப்பவர். வந்து பிள்ளையைப் பார்த்தார், சுவரையும் பார்த்தார். யார் எழுதினது என்று கேட்டு முடிக்குமுன் பொன்னம்மா என்னைக் காட்டிவிட்டாள்.

"அண்ணே, இது மூட்டை இல்ல, பொண்ணு. இனிமே அவ உடம்பப் பத்தி இந்த வீட்டுல ஒரு வார்த்தை வரக் கூடாது" என்றார் ஷரீஃபா. நாட்டுக்கு விடுதலை கிடைத்த அன்றே என் வாய்க்குப் பூட்டு விழுந்தது.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சேன். சாப்பிடும்போது மகளிடம் பேச எனக்கு வேறொன்றும் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பத்து நாள் மழையைப் பற்றியே பேசினேன். அவளும் லேசுல தேறல. ஒரு நாள் சாப்பிடுவா, மறுநாள் தட்டைத் தள்ளிடுவா. மிஸ்ஸி வாராவாரம் வந்து அவகிட்டத் தனியா உட்கார்ந்து பேசிட்டுப் போறாங்க. போன வெள்ளிக்கிழமை பிள்ளையே அவ அம்மாகிட்ட, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தும்மா"ன்னா. நான் கை கழுவுற சாக்குல எழுந்து வெளிய போயிட்டேன்.

ஞாயிறன்று புக்கிட் ரம்பாய்க்காரர்கள் மறுபடி வந்து, இப்போது பெண் சரியாக இருக்கிறாள், நாள் குறிக்கலாம் என்றார்கள். சந்திரமதி நேரிலேயே சொல்லிட்டா: "இது நோயில வந்த உடம்பு. சீக்கிரம் போயிடும். நீங்க வேற இடம் பாருங்க."

ஆக, சம்பந்தம் முறிந்தது. நானும் திருந்திவிட்டேன். தங்கள் வீட்டில் அடுப்பு எரியவும் பிள்ளைகள் வயிறு நிறையவும் மாரியம்மனை வேண்டும்,
மருதமுத்து

பி.கு.: தாங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. தங்கை இவ்வளவு பெருத்துவிட்டாளே, கவனிக்கக் கூடாதா? இரவில் கஞ்சி மட்டும் கொடுத்துப் பார்க்கவும்.

அத்தைக்கு: கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடம்தான் கொடுத்தார். படத்தில் அழகாக இருக்கிறீர்கள். கஞ்சி வேண்டாம், சோறே சாப்பிடுங்கள். – சந்திரமதி