கண்டக்டருக்கு நெஞ்சுவலி

"பெரியவரே, நெஞ்சுல எந்த இடத்துல வலிக்குது?"

டாக்டர் கேட்டது கட்டிலில் மல்லாந்து கிடந்த கண்டக்டரிடம். பதில் சொன்னது பக்கத்தில் நின்ற அவர் மனைவி.

"இடது பக்கம் டாக்டர். காலையில பல்லு விளக்கும்போது ஆரம்பிச்சுது."

"அவரே சொல்லட்டுமேம்மா."

"அவருக்கு வலிக்குதே, அதான் நான் சொல்றேன்."

காலமெல்லாம் பஸ்ஸில் கத்திக் கத்தி டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவர் கண்டக்டர்தான். அதனால் இவள் கண்டக்டரம்மா. வீட்டில் வாய் மூடாத அந்த மனுஷர், அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததிலிருந்து கப்சிப். சுற்றுகிற மின்விசிறியையே வெறித்துக்கொண்டிருந்தார். கண்டக்டரம்மா அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. அடுத்த கட்டிலில் கிடந்த ஒரு முதியவர் குளுக்கோஸ் பாட்டிலோடு வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். "மனநல வார்டுக்குக் கொண்டுபோங்க" என்று யாரோ சொல்ல, கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கூட ஓடிய மனைவியைக் கதவருகிலேயே நிறுத்திவிட்டார்கள். பாவம், அந்தம்மா செருப்பும் பையுமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். இவரையும் அப்படிக் கொண்டுபோய்விட்டால்?

இசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் திரும்பி வந்தார்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு. மனசு சம்பந்தமா இருக்கலாம். எங்க மனநல டாக்டரம்மா வந்து பேசட்டும்."

"மனசா? இவருக்கா? அப்படி ஒண்ணு இருக்கிறதே இவருக்குத் தெரியாது டாக்டர்!"

டாக்டர் காதில் வாங்காமல் வேறொரு நோயாளியிடம் போனார். அவருக்கும் அலுப்பு இருக்காதா? கண்டக்டரம்மா குனிந்து பல்லைக் கடித்தாள்.

"ஏங்க, நாலு வார்த்தை பேசித் தொலைங்களேன். பைத்தியம்னு முடிவு கட்டிடப் போறாங்க."

கண்டக்டர் பெருமூச்சு விட்டார்.

மனநல டாக்டர் சின்ன வயசுப் பெண். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, இது என்ன மாசம்?"

கண்டக்டரம்மா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு "மார்ச்" என்று கிசுகிசுத்தாள்.

"மார்ச்" என்றார் கண்டக்டர், நல்ல பிள்ளையாக.

மே மாதம் பாதி ஓடியிருந்தது. டாக்டரம்மாவின் புருவம் உயர்ந்ததைப் பார்த்து, இனி இவரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று கண்டக்டரம்மா தானே களத்தில் குதித்தாள்.

"தூக்கமெல்லாம் எப்படி?"

"அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவாரு! விடிய விடிய!"

"விடிய விடியன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான்தான் உட்கார்ந்து பார்க்கிறேனே. போன வருஷம் இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலேருந்து, மூச்சு வருதான்னு பார்க்க வேணாமா? சந்தேகம் வந்தா எழுப்பிக் கேட்டுடுவேன்."

"என்னன்னு?"

"நல்லாத் தூங்கறீங்களான்னு."

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சாப்பாடு?"

"ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாரு. என் தட்டுல இருக்கிறதையும் அவருக்கே போட்டுடுவேன். எனக்கு எங்கே இறங்குது? என்னை விடுங்க, இவரைப் பாருங்க."

"அழுகை?"

"இவரா? கல்லு மாதிரி மனுஷன்! நான் குளியலறையில குழாயைத் திறந்துவிட்டு அழுதுட்டு வந்தாக்கூட, 'என்ன, கண்ணு சிவந்திருக்கு'ன்னு கேட்பாரே தவிர, இவரு ஒரு சொட்டு விட்டது கிடையாது."

புருஷனுக்கு நற்சான்றிதழ் கொடுத்த பெருமிதத்தில் நிமிர்ந்தாள். சான்றிதழில் ஏதோ இடிப்பதுபோல் இருந்தது. என்னவென்று யோசிப்பதற்குள் புடவைத் தலைப்பு கண்ணுக்குப் போயிருந்தது.

"அம்மா, அழறீங்களா?"

"இல்ல, தூசி" என்றாள். அப்போதுதான் துடைத்துவிட்டுப் போன தரை பளபளத்தது. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "இவரை மட்டும் அங்க அனுப்பிடாதீங்கம்மா. கதவுக்கு வெளியே என்னை நிறுத்திடாதீங்க. இவரு இல்லாத வீட்டுல நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? பயமா இருக்கும்மா. ரொம்பப் பயமா இருக்கு."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரையும் பிரிக்க மாட்டோம். கொஞ்ச நாள் இங்கேயே தங்கட்டும். நல்லாத் தூங்க வைக்கலாம். நீங்க ரெண்டு பேரும் ஒரே அறையில இருக்கலாம். சம்மதமா?"

"ஒரே அறைன்னா சரி" என்று மூக்கை உறிஞ்சினாள் கண்டக்டரம்மா. உயிர் வந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரி ஊழியர் வந்ததும், புருஷனின் தோளுக்கடியில் கை கொடுத்தாள். "மெதுவா எழுந்திருங்க. படபடன்னு எழுந்து விழுந்து வைக்காதீங்க."

கண்டக்டர் ஒரே துள்ளலில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஊழியர் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"கெட்டிக்காரர்தான் ஐயா நீங்க! 'அவளுக்குன்னா ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டா, எனக்கு நெஞ்சுவலின்னாத்தான் ஓடி வருவா'ன்னு போன வாரம் எங்க மனநல டாக்டரம்மாகிட்ட வந்து அழுதீங்களே, சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டீங்க... உட்காருங்கம்மா, போகலாம்."