சொட்டு அண்ணாச்சியின் இரண்டு முழ ரயில்

கோயிலில் சாமியைக்கூட விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் என்று சொன்னால் ஊரே நம்பக்கூடிய மனிதர் தூத்துக்குடியில் ஒருவர்தான். அவர் எங்கள் தெரு சொட்டு அண்ணாச்சி. தேங்காயைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார், அதெல்லாம் நியாயம். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் உட்காரச் சொன்ன நாற்காலியைத் தட்டிவிட்டு, "தேக்குன்னு சொன்னீய, சத்தம் அப்படி வரலியே" என்றவர். அந்தச் சம்பந்தம் காபியோடு முடிந்தது.

ஆயுசு முழுக்க பெயிண்ட் கடை வைத்திருந்தவர். "பெயிண்ட் வித்தவன்கிட்ட பளபளப்பக் காட்டப்பிடாது தம்பி. எதை மறைக்கதுக்கு அடிக்காவன்னு எனக்குத் தெரியும்" என்பார்.

கடையை மகன் கையில் கொடுத்த பிறகு மற்றவர்கள் கடற்கரையில் நடக்கப் போவார்கள். அண்ணாச்சி பழைய நீராவி ரயில் இஞ்சின் வாங்கப் போனார். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு முழ நீளம். உள்ளே செம்புக் கொதிகலன். கரி போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் பெரிய ரயிலைப் போலவே ஆவியில் ஓடும், பின்னால் ஆளை உட்கார வைத்தும் இழுக்கும். எங்கோ மலையில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தது என்று ஒரு புரோக்கர் வேனில் கொண்டுவந்து இறக்கினார். பச்சைப் பெயிண்ட் அப்படியொரு மினுமினுப்பு.

"போன வாரம்கூட ஓடுச்சு சார்" என்றார் புரோக்கர்.

அண்ணாச்சி டார்ச் அடித்துப் புகைபோக்கிக்குள் பார்த்தார். "போன வாரம் ஓடுன இஞ்சினுக்குள்ள சிலந்தி குடும்பம் நடத்துதே. அதுக்குச் சுடலியா?"

பிறகு நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். கொதிகலனின் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இத்தனை குறையையும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, அதே இஞ்சினைத்தான் வாங்கினார். ஏன் என்று கேட்டேன்.

"இதுல உள்ள கள்ளத்தனம் பூரா தெரிஞ்சு போச்சு. நல்ல இஞ்சின்ல என்ன இருக்குன்னு யாரு கண்டா?"

ஈயத்தையெல்லாம் எடுத்தார். தீயில் உருகாத வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டினார். சக்கரம் சக்கரமாகக் கழற்றி மாட்டினார். கொதிகலனில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, எங்காவது ஒரு துளி கசிகிறதா என்று மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கசியவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. கார் நிறுத்தும் போர்ட்டிகோவிலிருந்து கேட் வரை தண்டவாளம் போட்டார். ஆனால் தீ மட்டும் மூட்டவில்லை. தண்ணீர் சரியில்லையாம்.

ஒருநாள் விடிகாலையில் என் வீட்டு ஏ.சி. குழாய்க்குக் கீழே ஓர் உருவம் குந்தியிருந்ததைக் கண்டு கம்பை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி கேனைக் கட்டிப்பிடித்தபடி நிமிர்ந்தார்.

"நீங்க எதுக்கு இந்த நேரத்துல முழிச்சிருக்கீய?" என்று என்னைக் கேட்டார்.

திருட வந்தவனைப் போல நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவரும் விளக்கினார். "நம்ம ஊருக் கிணத்துத் தண்ணி உப்பு. கொதிச்சா கொதிகலன் உள்ள படிஞ்சு அடைச்சிரும். மழைத்தண்ணி மாடியில விழுந்தா அங்கன கடல்காத்து உப்பு. ஏ.சி. தண்ணியிலதான் ஒரு எழவும் கிடையாது." சொல்லிவிட்டு அதையும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் சொட்டு அண்ணாச்சி. செம்புப் பானை, குழாய்கள், கேன் கேனாகத் தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த தெரு, அவர் சாராயம் காய்ச்சுகிறார் என்று முடிவு கட்டியது. இரண்டொருவர் ஏக்கத்தோடு கேட்டில் நின்று மோப்பமும் பிடித்தார்கள்.

இப்படியே போயிருக்கும். மகன் கார் வாங்கினான். நிறுத்த இடமில்லை. அண்ணாச்சியின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், தீர்ப்புச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை இது ஓடணும். ஓடலேன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான்."

ஞாயிறு காலை அண்ணாச்சி என்னையும் என் மனைவியையும் சாட்சிக்கு அழைத்திருந்தார். பழைய தண்ணீரையெல்லாம் சந்தேகப்பட்டுக் கொட்டிவிட்டு அவர் முந்தின நாள் எங்கள் ஏ.சி. குழாயடியில் வைத்திருந்த கேன் நிறைந்து வந்திருந்தது. அண்ணாச்சி ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"இதுல ருசி இருக்கு."

புரோக்கரைச் சந்தேகப்பட்டார். மகனைச் சந்தேகப்பட்டார். கடைசியில் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

என் மனைவிதான் முன்னால் வந்தாள். அவள் தாமிரபரணிக் கரை ஆத்தூர்க்காரி. "நான்தான் அண்ணாச்சி மாத்துனேன். வீடு தேடி வந்து தண்ணி கேக்கவங்களுக்கு ஏ.சி. கழிவையா குடுப்பாக? அசிங்கமா இருக்காதா? கீழ ஊத்திட்டு, குடிக்கதுக்குப் பிடிச்சு வச்ச தாமிரபரணித் தண்ணியை ஊத்தி வச்சேன்."

அண்ணாச்சி அப்படியே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு கேன் சொட்டி நிறைய மறுநாள் ஆகும். மறுநாள் இரும்புக்காரர் வந்துவிடுவார்.

ஆனாலும் பழக்கம் விடுமா? எவர்சில்வர் தட்டில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி அடுப்பில் வற்றவிட்டார். மெலிதாக ஒரு வெள்ளை வளையம் படிந்தது. அதை என் மனைவியிடம் நீட்டினார்.

"இம்புட்டுத்தானே?" என்றாள் அவள். "பொறந்ததுல இருந்து இதைத்தான் குடிக்கேன். எனக்கு எங்கன அடைச்சிருக்கு?"

அண்ணாச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவளையும் தட்டிப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேனைத் தூக்கிக் கொதிகலனில் ஊற்றினார்.

எங்களையெல்லாம் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத் தீ மூட்டினார். அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறியது. உச்சியில் ஆவி புஸ்ஸென்று பீறியது.

"இதை என் குக்கரும் செய்யுது. நகருமா?" என்றார் அக்கா.

அண்ணாச்சி ஆவியைத் திறந்துவிடும் பிடியை இழுத்தார். இஞ்சின் முதலில் என் வெள்ளை வேட்டியில் கறுப்புத் தண்ணீரைத் துப்பியது. பிறகு இருமியது. பிறகு நகர்ந்தது. கேட் வரை போய் நின்றது. தெருவே கேட்டுக்கு வெளியே வாயைப் பிளந்து நின்றது.

அக்காவுக்கு இன்னும் தீரவில்லை. "போச்சு சரி. திரும்பி வருமா?"

வந்தது. அக்கா சேலையை இடுக்கிக்கொண்டு பின்னாலிருந்த பலகை வண்டியில் உட்கார்ந்தார். கேட்டுக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார். இறங்கும்போது யாரையும் பார்க்காமல், "காரு தெருவுல நிக்கட்டும்" என்றார். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். கரி என்று சொன்னார், நான் நம்பவில்லை.

இன்றைக்கும் அவர் எங்களை முழுக்க நம்புவதில்லை. கேனை வைத்தால் அதன் வாயில் துணி கட்டி முடிச்சுப் போட்டுத்தான் வைக்கிறார். என் மனைவிக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் இந்த மார்கழிக் குளிரிலும், கேன் வெறுமையாக இருந்தால் அந்த மனுஷன் வாடிப்போவார் என்று, எழுந்து ஏ.சி.யைப் போட்டுவிட்டு இரண்டு போர்வைக்குள் சுருண்டு படுத்துக்கொள்கிறவளும் அவள்தான்.