பங்காருவும் வெங்காரமும்

கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது. காபி பில்டர் அடுப்பு மேடையிலேயே நின்றது.

"அய்யய்யோ!" என்றார் பங்காரு. கேட்க ஆளில்லை. மனைவி ரங்கநாயகி தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக் கொடுமுடி போயிருந்தாள். சாயங்காலம் வந்துவிடுவாள்.

அது லேசுப்பட்ட பில்டரா? ரங்கநாயகியின் அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்த பித்தளை பில்டர். அந்த அம்மா இப்போது இல்லை. மோட்டார் கம்பெனியில் ரிட்டயரான மறுநாளிலிருந்து பங்காருதான் அதில் காபி போட்டு, மனைவி கண் விழிக்கும்போது கட்டிலருகே நீட்டுவார். இத்தனை வருஷம் அவள் நீட்டினாளே, இனி நம் முறை என்று. அவளும் சிரித்தபடி வாங்கிக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் மனுஷர் அலாரம் வைத்து எழுந்தார்.

பக்கத்து வீட்டு ஜபருல்லா ஏசி மெக்கானிக். பங்காரு அங்கே ஓடினார்.

"பாய், இந்தக் கைப்பிடியக் கொஞ்சம் பத்த வெச்சு ஒட்டித் தருவீங்களா?"

பில்டரைப் பார்த்த ஜபருல்லா தலையைச் சொறிந்தார். "எனக்கு வேலை கெடக்குதுங்ணா. கேஸ் டார்ச்சும் பத்த வெக்கற கம்பியும் தாரேன், நீங்களே வெச்சுக்குங்க."

"ஒட்டறதுக்கு ஏதோ பொடி போடோணும்பாங்களே?"

"பிளக்ஸா? அதெல்லாம் எதுக்குங்ணா? ஏசி செம்புக் கொழாய்க்கு நாங்க போடறதேயில்ல."

செம்புக்கு வேண்டாம்தான். பித்தளைக்கு? அதைக் கேட்க பங்காருவுக்குத் தோன்றவில்லை. வீட்டு வாசலில் வைத்துத் தீயைக் காட்டியதும் கம்பி உருகி, எங்கும் ஒட்டாமல் உருண்டு உருண்டு ஓடியது. பில்டர் கறுத்ததுதான் மிச்சம்.

"பொடி வேணுமாட்ட இருக்குதுங்க, பாய்."

"அப்படீன்னா நாட்டு மருந்துக் கடையில வெங்காரம் வாங்கியாங்க. அள்ளிப் போடுங்ணா, நல்லாப் புடிக்கும்."

பங்காரு அள்ளித்தான் போட்டார். சூடு பட்டதும் வெங்காரம் எண்ணெயில் விழுந்த அப்பளமாய்ப் பொங்கி, கைப்பிடியை அப்படியே தூக்கித் தள்ளியது. விழாமல் பிடிக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார்.

மனுஷர் விடுவாரா? துடியலூரில் பஸ் ஏறிக் காந்திபுரம் போனார். வெல்டிங் சாமான் கடைக்காரர் ஒரு டப்பாவையும் வெள்ளிக் கம்பியையும் எடுத்துக் கொடுத்தார்.

"மொதல்ல உப்புத்தாள்ல கரி போகத் தேயுங்க. அப்பறம் இந்தப் பிளக்ஸப் பசையாட்டத் தடவிச் சூடு காட்டுங்க. அது தண்ணியாட்டத் தெளிஞ்சதும் கம்பிய வையுங்க. ஒட்டுனதுக்கப்பறம் தீயக் காட்டவே கூடாது."

அப்படியே செய்தார். பசை வெளுத்தது, நுரைத்தது, தெளிந்தது. கம்பி உருகி இடுக்கில் ஓடி நிறைந்தது. கைப்பிடி நின்றுவிட்டது! பங்காருவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த ஜபருல்லாவின் முகம் ஏனோ வாடிப்போயிற்று.

"இன்னுங் கொஞ்சம் தீயக் காட்டுங்ணா. அப்பத்தான் கெட்டியா நிக்கும்."

கடைக்காரர் கூடாது என்றாரே? ஆனாலும் பாய் தொழில் தெரிந்தவர் ஆயிற்றே. காட்டினார். அடித்தட்டும் எந்தக் காலத்திலோ யாரோ பற்ற வைத்ததுதானே! அது 'டங்'கென்று கழன்று விழுந்தது.

அந்நேரம் பார்த்தா ரங்கநாயகி ஆட்டோவை விட்டு இறங்க வேண்டும்?

"ரங்கு, உங்கம்மா பில்டர ஒடச்சுப்போட்டேன்" என்றார் பங்காரு.

அவள் பில்டரைப் பார்க்கவே இல்லை. "ஏனுங்க, வெரலெல்லாம் சுட்டிருக்குதே! பில்டர் போனாப் போச்சுங்க. இனிமே நமக்குக் காபியே வேண்டாம்."

"அதெப்படி அம்மணி? நாளைக்கே புதுசு வாங்கிப்போடறேன். உனக்குக் காபி போட்டுத் தராட்டி எனக்கு விடிஞ்ச மாதிரியே இருக்காது."

ரங்கநாயகி திருதிருவென்று விழித்தபடி ஜபருல்லாவைப் பார்த்தாள். அவர் சுவரோரம் நெளிந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்ணா. வயித்துப் புண்ணுக்குக் காபி கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாராம், நீங்க ஆசையா நீட்டறத வேண்டாம்னு சொல்ல அக்காவுக்கு வாய் வரலையாம்; அவங்கம்மா பில்டருன்னும் பாக்காம எப்படியாச்சும் ஒடச்சுருங்கன்னு எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தாங்க, அந்தக் கைப்பிடியக் கழட்டி வெச்சதே நாந்தானுங்க."