தொடாமல் படிக்கும் பலகை

விரலால் படிக்கும் கலையை மனிதகுலம் முழுமைக்கும் கொண்டுவந்தது எங்கள் ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில்தான், அதிலும் ஏசி வேலை செய்கிற பாதியில். அந்தச் சாதனையில் எனக்கும் பங்குண்டு என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கருவியின் பெயர் ‘ஸ்பரிசப் பலகை’. பார்வையற்றவர்களுக்கானது. விரலை வைத்தால் உள்ளே இருக்கும் சென்சார் உணரும். உடனே, மின்சாரம் பட்டால் வளையும் பொடிப்பொடிப் பட்டைகள் புள்ளிகளை மேலே தள்ளும். விரலுக்கடியில் பிரெயில் எழுத்து எழுந்து நிற்கும். பட்டைகள் என் பொறுப்பு.

பலகைக்கு ஒரு ‘பயனாளர்’ கட்டடத்திலேயே கிடைத்தது எங்கள் பாக்கியம். கீழே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்காரும் அக்கா. பிறவியிலேயே பார்வை கிடையாது. நிர்வாகம் பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு வழவழவென்ற கண்ணாடித் திரை வைத்த புதியதை வாங்கியிருந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்பது இனி திரையில் எழுத்தாக மட்டுமே வரும். அதை எங்கள் பலகை அக்காவின் விரலுக்குச் சொன்னால் அவர் நாற்காலி நிலைக்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீடு.

முதல் மாதிரியை ஒயர்கள் பிதுங்கப் பிதுங்க அக்காவிடம் எடுத்துப்போனேன்.

“என்ன இன்ஜினியரம்மா, மூச்சு வாங்குது? படி இறங்கி ஓடி வந்தியா, டைரக்டரைப் பாத்துட்டு வந்தியா?”

“விரலை வைங்கக்கா.”

வைத்தார். முகம் மெல்ல மாறியது. “கேன்டீன்,” என்று படித்தார். “அடிப்பாவி, நெஜமாவே செஞ்சிட்டியா.”

அன்று முழுக்க எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. வீட்டில் இவர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டபோதுகூட.

ஆனால் ஆராய்ச்சி என்பது அத்தோடு நின்றுவிடுகிற அற்ப விஷயமல்ல. அதற்கு மீட்டிங் வேண்டும். டைரக்டர் சார் பலகையை மேஜைமேல் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியலையே மேடம்.”

“தொட்டுப் பாருங்க சார்.”

“நான் தொடுவேன். வெளியீட்டு விழாவுல கடைசி வரிசைல உட்காந்திருக்கவங்க எப்படித் தொடுவாங்க?”

இந்தக் கேள்வியின் ஆழத்தில் அறையே மூழ்கியது. ஒவ்வொரு புள்ளிக்கடியிலும் ஒரு விளக்கு வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. நீல நிறம். நீலம்தான் ‘எதிர்காலத்தின்’ நிறமாம்.

“விளக்குக்கே பாதி மின்சாரம் போயிடும் சார். பட்டை சரியா வளையாது. புள்ளி எழும்பாது.”

“கொஞ்சமாவது எழும்பும்ல?”

“விரலுக்குத் தெரியற அளவு எழும்பாது.”

“கண்ணுக்குத் தெரியும்ல? அப்புறம் என்ன?”

எனக்குள் ஒருத்தி இருக்கிறாள். இதுபோன்ற நேரத்தில் அவள் எழுந்து நிற்பாள். ஆனால் மீட்டிங்குக்கு அவளுக்கு அழைப்பு கிடையாது. பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் என்று நினைவூட்டியதும் மரியாதையாக உட்கார்ந்துவிட்டாள். நான் பட்டைகளைச் சுருக்கினேன். சுருக்கியதைச் ‘செம்மைப்படுத்தியது’ என்று அறிக்கையில் எழுதினேன்.

அடுத்த மீட்டிங்கில் இன்னொரு குறை வெளிப்பட்டது. விரல் பட்டுப் பட்டு ரேகை படிந்து விளக்கு மங்கியது. மேலே கண்ணாடி ஒட்டினோம். கண்ணாடியிலும் ரேகை படிந்ததால், பக்கத்தில் ‘தயவுசெய்து தொடாதீர்கள்’ என்று அறிவிப்பு வைத்தோம்.

விழா பிரமாதம், மூலைக்கு மூலை கேமரா. சிறப்பு விருந்தினர் மேடையில் பலகைக்கு நேராக விரலை நீட்டி, அறிவிப்பை மதித்துத் தொடாமல், நீல எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தப் புள்ளிக்கு எந்த எழுத்து என்று எதிர்ச்சுவரில் பெரிதாக மாட்டியிருந்தோம். “வ... ண... க்... க... ம்” என்று படித்தார். அரங்கம் அதிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்தும் படித்தார்கள். டைரக்டர் சாருக்குக் கண் கலங்கியது.

கூட்டம் கலைந்த பிறகு அக்காவை மேடைக்குக் கூட்டிவந்தேன். விரலை வைத்தார். நகர்த்தினார். இன்னொரு கையாலும் தடவினார்.

“ஆன் பண்ணிட்டியாம்மா?”

“ஆன்லதான் இருக்குக்கா.”

டைரக்டர் சார் பெருந்தன்மையோடு குனிந்தார். “பழகப் பழக வந்துடும்மா. இன்னிக்கு இங்க எல்லாருமே படிச்சாங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “ரிப்போர்ட்ல இவங்களைச் சேர்க்க வேண்டாம். ஒருத்தரால சதவீதம் கெட்டுப்போகுது,” என்றார்.

மாதக் கடைசியில், எக்ஸ்சேஞ்சைக் காலி செய்யும்படி அக்காவிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. பெண் என்பதால் பக்குவமாகச் சொல்வேனாம். அக்கா தண்ணீர் பாட்டிலையும் ஸ்வெட்டரையும் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

“உன் பலகை வேலை செய்யுதாமே. எல்லாரும் பேசிக்கிறாங்க.”

“ஆமாக்கா.”

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு அத்தனை பேர் வந்தாங்களே. ஒருத்தராவது ஒரு தடவ கண்ணை மூடிக்கிட்டு அதைத் தொட்டுப் பாத்தாங்களா?”

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“கண்ணை மூடினா போட்டோ நல்லா விழாதுக்கா.”