ஏற்காட்டில் எனக்கு ஒரு வாரம்

‘வேண்டாம்’ என்ற சொல்லை எனக்குச் சரியான வயதில் யாரும் பழக்கிவிடவில்லை. பந்தியில் இலையை மூடத் தெரியாமல் நாலாவது முறையும் சாம்பார் வாங்கிக்கொண்டு முழிப்பவன் நான். சலூனில் “கிருதாவை எடுத்துடட்டுமா?” என்று கேட்டால் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வருந்துவேன். இந்தக் குணத்தால் வந்த நஷ்டமெல்லாம் பெரும்பாலும் என்னோடு போயிற்று. ஒரே ஒரு தடவை மட்டும் அது என் அம்மாவை அழவைத்தது, ஒரு நல்ல மனிதரை ஏமாற்றியது, கடவுளுக்கே வேலை வைத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். முடிக்கும்வரை வீட்டில் யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். ஊறுகாய் ஜாடியும் பியூஸ் கட்டையும் வைக்கோல் சுற்றிப் பெட்டிக்குள் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்து லாரியில் ஏற்றிவிட வேண்டும். மாதச் சம்பளம், மடிப்பு கலையாத சட்டை, நல்லூரில் நிச்சயமான பெண். என்னைக் கையில் பிடிக்க முடியாத காலம்.

பெண்ணின் பெயர் கொளஞ்சி. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். பெண் பார்க்கப் போன அன்று ஏதாவது பேசச் சொன்னார்கள். “மலைப் பிரதேசமெல்லாம் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டேன். (ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அதுவரை நான் ஏறிய பெரிய உயரம் கம்பெனி மாடிப்படி.) “இல்லீங்க” என்றாள். அந்த ஒரு ‘இல்லீங்க’ என் மனசில் உட்கார்ந்துகொண்டது. இவளுக்கு மலையைக் காட்டியே தீருவது என்று முடிவு செய்தேன்.

இப்படிப்பட்டவனைத் தேடித்தான் தாமோதரன் எங்கள் ஊருக்கு வந்திறங்கினார். ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் கீழ் ஹாலை வாடகைக்கு எடுத்து, கம்பெனி ஊழியர்களுக்கு இலவச டிபன் என்று சொல்லியனுப்பினார். நானும் போனேன். கேசரி, போண்டா, காபி. சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, வேர்த்து வழிய ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார்.

“பேரு என்னா சார்?”

“விருத்தகிரி.”

“ஆகா! பேர்லயே கிரி இருக்குது. உங்களுக்கு மலையில ஒரு எடம் இல்லன்னா எப்படி சார்?”

அந்த நிமிஷத்தில் நான் விழுந்துவிட்டேன். மீதியெல்லாம் சம்பிரதாயம்தான்.

ஏற்காட்டில் ஒரு பங்களா. அதில் வருஷத்துக்கு ஒரு வாரம் நமக்கு. மற்ற வாரங்கள் மற்ற பங்காளிகளுக்கு. மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டே வர வேண்டும். முப்பது வருஷம் அந்த ஒரு வாரம் நம்முடையதே. படம் காட்டினார். படம் முழுக்கப் பனிமூட்டம். பங்களா அதற்குள் இருப்பதாகச் சொன்னார். நம்பினேன்.

“இது தம்பதியர் திட்டம் சார். அம்மா கையெழுத்தும் வேணும்.”

“இன்னும் கல்யாணம் ஆகலீங்களே.”

“ஆகப்போவுதுல்ல? நீங்களே போட்டுடுங்க. ரெண்டு கையெழுத்தும் எம் முன்னாடிதான் ஆச்சுன்னு நான் சாட்சி போட்டுக்கறேன்.”

போட்டேன். முதலில் என் கையெழுத்தை வலது கையால் போட்டேன். பிறகு பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் வெட்கப்பட்டுச் சாய்ந்தாற்போல, அவள் கையெழுத்தையும் போட்டேன். கல்யாணச் செலவுக்கு அப்பா கொடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து அட்வான்ஸும் கட்டினேன். கிளம்பும்போது இன்னொரு போண்டா கொடுத்தார். அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒரு மழை. எங்கள் வீட்டு ஓட்டில் ஒழுகிய தண்ணீருக்கு அம்மா குண்டான் வைத்துக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க இருக்கிற வீட்டுக்கு ஓடு மாற்ற வழியில்லை, ஒரு வாரம் இருக்கப்போகிற வீட்டுக்குச் சம்பளத்தில் கால்வாசியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நேராக லாட்ஜுக்கு ஓடினேன்.

‘எனக்கு வேண்டாம்’ என்று இரண்டே வார்த்தை சொல்ல வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தாமோதரன் பனியனோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “வாங்க சார், இட்லி சாப்புடுங்க” என்றார். அவ்வளவுதான், வார்த்தை உள்ளே போய்விட்டது.

சுற்றி வளைத்துக் கேட்டேன். “இந்தத் திட்டத்துலேருந்து யாராச்சும் வெலகணும்னா எப்படிங்க?”

“வெலகவே முடியாது சார். மலைக் குளிரு உடம்புக்கு ஆவாதவங்கன்னா மட்டும் மேலிடத்துல பார்ப்பாங்க.”

நான் இருமினேன். (நல்ல இருமல்கூட இல்லை. கோழி விக்கியது போல இருந்தது.) நெஞ்சில் கை வைத்தேன்.

“ஏன் சார், நெஞ்சுல ஏதாச்சும்…?”

“ரெண்டு வருஷமா…” என்று இழுத்தேன்.

அவர் இட்லியை வைத்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, “டி.பி.யா சார்?” என்றார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. தரையைப் பார்த்தேன். அது ஆமாமைவிடப் பலமான ஆமாம். அந்தக் காலத்தில் அந்த நோயின் பெயரை வீட்டுக்குள் உரக்கச் சொல்ல மாட்டார்கள். மருந்து இருந்தது, குணமும் ஆனது. ஆனாலும் தெருவில் ஒருவருக்கு வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த வாசலைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். அப்பேர்ப்பட்ட நோயை, ஒரு வாரப் பங்களாவிலிருந்து தப்பிக்க, நான் இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தாமோதரன் கெட்டவராக இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். இரக்கம் வந்துவிட்டது அவருக்கு. மேலிடத்துக்குப் பரிந்துரை எழுதுவதற்கு முன்னால் கம்பெனியில் ஒரு வார்த்தை உறுதி செய்துகொள்ளலாம் என்று கம்பெனி கேட்டில் நின்றவர்களிடமே விசாரித்துவிட்டார்.

மறுநாள் டீக்கடைப் பையன் என் டீயைத் தனி தம்ளரில் கொண்டுவந்து, தள்ளி நின்று நீட்டினான். தினமும் என் சோற்றுத் தூக்கில் கை விட்டு அப்பளத்தை எடுக்கும் ஆறுமுகம், அன்று தன் அப்பளத்தை எனக்குக் கொடுத்துவிட்டு வேறு மேஜைக்குப் போனான். என் நாற்காலி ஜன்னலோரத்துக்கு நகர்ந்திருந்தது. ‘நல்ல காத்து’ என்றார்கள்.

சாயந்திரம் ஹெட் கிளார்க் கூப்பிட்டனுப்பினார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கம்பெனியில் அவருக்குச் ‘சூளை’ என்று பெயர். பக்கத்தில் போனாலே அனலடிக்கும். ஒரு ஜாடி விரிசல் விட்டால் நமக்குள் பத்து இடத்தில் விரிசல் விடும்படி பேசுவார். அன்று கதவைச் சாத்தினார். ‘வேலை போச்சு’ என்று நினைத்தேன்.

“உக்காரு கிரி.”

அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எனக்கும் இருந்துது. உன் வயசுலதான். வூட்டுல என் பொண்டாட்டிய தவுர யாருக்கும் தெரியாது. ஊசி போட்டு, மாத்திரை சாப்ட்டு, இப்ப நல்லாத்தான இருக்கறன்? பயப்படாத. மருந்த மட்டும் நடுவுல நிறுத்திடாத.” மேஜைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். “எங்க வூட்டுக் கோழி முட்டை. தெனம் ரெண்டு சாப்புடு. வேலைய பத்தி கவலப்படாத, மொதலாளி கிட்ட நான் பேசிக்கறன்.”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. வந்தது “ரொம்ப நன்றி சார்.” முட்டைகளை வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டேனா என்று கேட்டால், சாப்பிட்டேன். என் ஆயுளில் நான் வெட்கப்பட்டு விழுங்கியவை அந்த முட்டைகள்தான். (இந்த இடத்தை எழுதும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.)

நல்லூருக்குப் போகிற பஸ்ஸில் சேதியும் ஏறிப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. கொளஞ்சியின் அப்பா, அம்மா, கொளஞ்சி. கல்யாணத்தை நிறுத்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனி உண்மையைச் சொல்ல வேண்டியிருக்காதே என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவள் அப்பா என் தோளில் கை வைத்தார். “மாப்ள, ஒண்ணும் கவலப்படாதீங்க. கல்யாணத்த ஆறு மாசம் தள்ளி வச்சிக்கலாம். ஒடம்பு தேறட்டும்.”

அவள் அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினார். “கொளஞ்சியப்பரு கோயில்ல பிராது கட்டிட்டு வந்திருக்கறன் தம்பி. உங்க நெஞ்சுல இருக்கறத எறக்கிடச் சொல்லி.” எங்கள் பக்கத்தில் தீராத குறையென்றால் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பராக இருக்கிற முருகனுக்கே மனு எழுதிக் கட்டிவிடுவோம். போலீஸ் விட்டாலும் அவர் விடமாட்டார் என்பது பேச்சு.

அடுப்படியிலிருந்து வந்த என் அம்மாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. “நெஞ்சுல என்னா? எம் புள்ளைக்கு என்னா?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொளஞ்சி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எந்த டாக்டரு பாத்தாருங்க?”

“ஏற்காடு…” என்றேன்.

“ஏற்காட்டு டாக்டரா?” என்றார் அவள் அப்பா, மரியாதையோடு.

“டாக்டரு இல்லீங்க. பங்களா.”

அழுகை நின்றது. எல்லாவற்றையும் கொட்டினேன். கேசரி தொடங்கி இருமல்வரை. முடித்தபோது நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. முதலில் பேசியவர் அவள் அப்பாதான்.

“அப்ப ஒரு வாரம் அது நம்ப வூடு?”

“ஆமாங்க.”

“மத்த நாளு போனா?”

“உள்ள உட மாட்டாங்க.”

“நம்பள உள்ள உடாத வூட்டுக்கு மாசாமாசம் நாமதான் காசு குடுக்கணும்?”

“ஆமாங்க மாமா.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் அம்மாவுக்குத்தான் நிஜமான கவலை. “அப்ப நான் கட்டுன பிராதுக்கு இப்ப சாமி என்னாத்த பண்ணும்?”

கொளஞ்சி எழுந்தாள். “அந்த ஆளு எங்க இருக்காரு? வாங்க போவலாம்.”

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து தெருவில் நடக்காத காலத்தில், நான் முன்னால், அவள் அடுத்து, பின்னால் நான்கு பெரியவர்கள் என்று ஊர்வலமாகப் போனோம். என்னைக் கண்டதும் தாமோதரன் நாற்காலியை இழுத்துப் போட்டார். “நடந்தா வந்தீங்க சார்? ஒடம்புக்கு ஆவுமா?”

“அவருக்கு ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் கொளஞ்சி. “வேணாம்னு சொல்லக் கூச்சம். அதான் நோயின்னு சொல்லிட்டாரு. எங்களுக்குப் பங்களா வேணாம்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கோபம்கூட இல்லை. ஏமாந்த முகம். ஏஜென்டை ஏமாற்றிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“கையெழுத்து ஆயிடுச்சே தங்கச்சி. உன் கையெழுத்தும் இருக்குதே.”

“என் கையெழுத்தா? காட்டுங்க.”

எடுத்து நீட்டினார். அவள் படித்தாள். பிறகு தன் அப்பாவிடம் திரும்பி, “உங்க பேரு என்னாப்பா?” என்றாள்.

“என்னாடி கேள்வி? அய்யாக்கண்ணு.”

“இதுல ‘பெ. கொளஞ்சி’ன்னு போட்டிருக்குது.”

நல்லூரில் எல்லோரும் அவரைப் ‘பெரியவரே’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியசாமி என்று நானாக நினைத்துக்கொண்டேன். நிச்சயப் பத்திரிகை வாசிக்கும்போது என் கவனம் வேறெங்கோ இருந்தது. மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எம் பேரு கூடவா தெரியாது மாப்ள?” டி.பி. என்று கேள்விப்பட்டு வந்தபோதுகூட அவர் முகம் அவ்வளவு வாடவில்லை.

“இந்தக் கையெழுத்து உங்க முன்னாடி ஆனதுன்னு சாட்சி போட்டிருக்கீங்க,” என்றாள் கொளஞ்சி தாமோதரனிடம். “பெ. கொளஞ்சி யாருங்க? எங்க பாத்தீங்க?”

அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். பத்திரத்தை நாலாகக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அட்வான்ஸ் திரும்பவில்லை. “கேசரி தின்னதுக்குப் போவட்டும்” என்றார் என் அப்பா. அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஹெட் கிளார்க் அறைக்கு நானே போனேன். கதவை நானே சாத்தினேன். சொன்னேன். அவர் மேஜையில் இருந்த ஜாடி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருக்கலாம்.

“முட்டை நல்லா இருந்துதா?” என்றார்.

“நல்லா இருந்துதுங்க சார்.”

“சரி. நான் சொன்னது உன்னோட இருக்கட்டும். போ.”

அவர் காலமாகும்வரை அது என்னோடுதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவே இல்லை. மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். கம்பெனியிலோ நான் உண்மையைச் சொல்லச் சொல்ல, ‘பாவம், மறைக்கிறான்’ என்று இன்னும் அன்பாக நடந்துகொண்டார்கள். கல்யாணம் முடிந்து ரொம்ப நாள் வரை தனி தம்ளரில்தான் டீ குடித்தேன்.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. தாலி கட்டிய மறுநாள் கொளஞ்சி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். “இனிமே கையெழுத்துன்னா எங்கிட்ட சொல்லுங்க” என்றாள். ஆபீஸ் கையெழுத்துக்கு மட்டும் விலக்கு.

எங்கள் பெரியவன் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் டீச்சர் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். போனேன். என்னைக் கண்டதும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றார். ரேங்க் கார்டில் எப்போதும் அம்மா கையெழுத்தே வருகிறதே என்று பையனிடம், “அப்பா இல்லையாப்பா?” என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். அவன் எழுந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்லியிருக்கிறான்:

“இருக்காரு டீச்சர். ஆனா அவரு கையில பேனா குடுத்தா வேற யாராச்சும் பேரையும் சேத்துப் போட்டுடுவாராம்.”